மங்கலும் மங்கலமும்

நிறங்களுக்குப் பெயர் வைப்பதில் நம் பெண்மணிகள் சிக்கனம் பார்த்ததே கிடையாது. கிளிப்பச்சை, பாசிப்பச்சை, மாந்துளிர், மயில் கழுத்து, அரக்கு, வாடாமல்லி, வெங்காயச் சருகு, மிளகாய்ப் பழம் என்று புடவைக் கடையில் உட்கார்ந்து அவர்கள் அடுக்குவதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஒரு நிறத்தைச் சொன்னால் அதோடு ஒரு செடியோ, பறவையோ, சமையலறைச் சாமானோ கூடவே வந்து நிற்கும். ஆனால் இன்றைக்கு வீட்டை அழகு செய்யப் புறப்படுகிற இளம் தம்பதிகள் விரும்பும் நிறங்களைச் சொல்லப் புகுந்தால் நாக்கு தடுமாறுகிறது. வெள்ளையா என்றால் முழு வெள்ளை இல்லை. சாம்பலா என்றால் முழுச் சாம்பலும் இல்லை. காய்ந்த மணல், பழைய கடிதம், தண்ணீர் அதிகம் சேர்ந்துவிட்ட காப்பி, இவற்றில் எதையாவது சொல்லலாம். சுருக்கமாக அவர்கள் 'நியூட்ரல்' என்று சொல்லிவிடுகிறார்கள்.

அம்பத்தூர், ஆவடிப் பக்கத்துக்காரர்களுக்கு அந்த வார்த்தை புதிதே அல்ல. சைக்கிள் தொழிற்சாலையும் டாங்கித் தொழிற்சாலையும் ஆயிரம் பட்டறைகளும் வளர்த்த ஊர்கள் இவை. இங்கே நியூட்ரல் என்றால் கியர். அதில் போட்டால் வண்டி முன்னேயும் போகாது, பின்னேயும் போகாது. இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு வீட்டின் கூடத்தையே கொண்டுபோய் நியூட்ரலில் நிறுத்துவானேன் என்று ஒரு பழைய தொழிலாளி கேட்டால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

அப்படிக் கேட்டவர் என் நண்பர்தான். அம்பத்தூர் வெங்கடாபுரத்தில் அவர் தகப்பனார் 1974-இல் கட்டிய வீட்டில் இருக்கிறார். பதினெட்டு வயதில் தொழிற்சாலைக்குப் போனவர், ஓய்வு பெற்று நான்கு வருஷம் ஆகிறது. பிள்ளைக்குக் கல்யாணம் ஆயிற்று. மருமகள், தொழிற்பேட்டையில் பழைய பட்டறைகளுக்கு நடுவே எழும்பியிருக்கும் கண்ணாடிக் கட்டடங்கள் ஒன்றில் கணிப்பொறி வேலை பார்க்கிறாள். கெட்டிக்காரப் பெண். வீட்டுக்கு வந்த இரண்டாம் வருஷம், வெடிப்பு விட்டிருந்த பழைய சிவப்புத் தரையின்மேல் புதிய டைல்ஸ் பதித்தார்கள். இரண்டடிச் சதுரமாக, பாலாடை நிறத்தில், முகம் தெரிகிற பளபளப்பு. அதன்மேல் விரிக்க ஒரு கம்பளம் வேண்டும் என்று அவள் சொன்னாள்.

"நீதான் கதையெல்லாம் எழுதுகிறாயே, ஜன்னல், திரைச்சீலை, கம்பளம் என்று வருணிப்பாயே, கூட வா" என்று நண்பர் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வரிசையாக இருக்கும் மேஜை நாற்காலிக் கடைகளில் ஒன்றுக்குப் போனோம். கடைப் பையன் சுருள்களை உருட்டி விரித்துக்கொண்டே போனான். நண்பரின் கண் பூவும் கொடியுமாக இருந்த ஒரு சிவப்புக் கம்பளத்தின்மேல் போயிற்று. மருமகளின் கண் மணல் நிறக் கம்பளம் ஒன்றில் நின்றது.

"மாமா, அது நல்லாத்தான் இருக்கு. ஆனா அதைப் போட்டா கூடத்துல அது மட்டும்தான் இருக்கும். நாம யாரும் இருக்க மாட்டோம்" என்றாள்.

எனக்கு அந்தப் பேச்சுப் பிடித்தது. நாவல் எழுதுகிறவனுக்கும் இதே சங்கடம் உண்டு. சூழ்நிலை வருணனையை வாரி இறைத்தால் கதாபாத்திரம் காணாமல் போய்விடும். பின்னணி கொஞ்சம் அடங்கியிருந்தால்தான் வருகிறவர் முகம் தெரியும்.

அவள் பக்கம் வேறு நியாயங்களும் இருந்தன. இந்தப் பக்கத்துத் தூசியை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். லாரிகள் ஓடும் சாலைகள், ஓயாத கட்டட வேலை, பூந்தமல்லியில் மெட்ரோ ரயிலுக்குத் தூண்கள் எழும்பிய வருஷங்கள், எல்லாமாகச் சேர்ந்து ஜன்னல் கம்பியில் ஒரு சாம்பல் படலத்தைத் தினமும் பூசிவிடும். தூய வெள்ளைக் கம்பளம் ஒரு வாரத்தில் அழுதுவிடும். கறுப்பும் கரு நீலமும் ஒவ்வொரு தூசியையும் நட்சத்திரம் போலக் காட்டும். இரண்டுக்கும் நடுவே, ஒரே நிறமாக இல்லாமல் இரண்டு மூன்று சாயல் கலந்த மணலும் சாம்பலும்தான் நம் வீட்டுப் பெருக்குமாறுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுக்கும்.

இன்னொரு விஷயம் வெளிச்சம். நியூட்ரல் நிறங்கள் பச்சோந்தி ஜாதி. தமக்கென்று அதிகம் வைத்துக்கொள்ளாததால் பக்கத்தில் இருப்பதை வாங்கிக்கொள்ளும். 2,700 கெல்வின் என்று போட்டிருக்கும் மஞ்சள் பல்பின் கீழே சந்தனமாக இருப்பது, 6,500 கெல்வின் வெள்ளை விளக்கின் கீழே கழுவிய சிமெண்டு மாதிரி தோன்றும். சாம்பலிலும் நீலம் கலந்த சாம்பல் உண்டு, பழுப்புக் கலந்த சாம்பலும் உண்டு. தேக்கு நாற்காலிகள் உள்ள கூடத்தில் நீலச் சாம்பலை விரித்தால் விருந்துக்கு வந்தவர் கோபித்துக்கொண்ட மாதிரி அது தனியே நிற்கும். ஆகவே சின்ன மாதிரித் துண்டு கிடைத்தால் வீட்டுக்கு எடுத்துப் போய், காலையில் ஒரு தடவை, விளக்கு ஏற்றிய பிறகு ஒரு தடவை பார்ப்பதுதான் உத்தமம். அந்தப் பெண் அதைத்தான் செய்தாள். கடைப் பையன் முணுமுணுத்துக்கொண்டே ஒரு துண்டைக் கொடுத்தான்.

நூலைப் பற்றியும் அவள் விசாரித்தாள். பட்டு மாதிரி மின்னிய ஒன்றைக் காட்டி, "இது விஸ்கோஸ் மேடம்" என்றான் பையன். விஸ்கோஸ் தண்ணீர் பட்டால் வலுவிழக்கும்; கறையும் தங்கிவிடும். சணல் விரிப்பு பார்க்க அழகு, ஆனால் நம் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் வாடை பிடிக்கும். கம்பளி உழைக்கும், ஆட்டு மயிரிலேயே இருக்கும் மெழுகு அழுக்கை ஓரளவு விலக்கும். ஆனால் கனம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததைக் கண்டவர்கள் இந்த வட்டாரத்தில் அநேகம். ஊறிய கம்பளத்தை நாலு பேர் சேர்ந்தாலும் தூக்குவது கஷ்டம். பருத்தியோ சுலபமாக அழுக்காகும். ஆனால் துவைத்து மொட்டைமாடிச் சுவரில் போட்டுவிடலாம். கடைசியில் அடர்த்தியில்லாத கம்பளி நெசவில், எட்டடிக்கு ஐந்தடி, மணல் நிறக் கம்பளம் ஒன்று வெங்கடாபுரத்துக்கு வந்து சேர்ந்தது. சோபாவின் முன் கால்கள் கம்பளத்தின்மேல் இருக்கும்படி பார்த்துப் போட்டாள். கூடம் உண்மையிலேயே ஒரு சுற்றுப் பெரிதான மாதிரி இருந்தது. நண்பர்கூட, "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டார். அவர் அகராதியில் அது பெரிய பட்டம்.

அப்பொழுது நண்பரின் தாயார் உள்ளேயிருந்து மெல்ல நடந்து வந்தார். எண்பத்து நான்கு வயது. இன்னும் நாற்காலியில் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகிறது என்று தரையில் சம்மணம் போட்டு உட்காருகிறவர். அந்த வீட்டில் தரை உண்மையில் அவருக்குத்தான் சொந்தம். மற்றவர்கள் எல்லாரும் அதன்மேல் நடக்கிறவர்கள். கம்பளத்தைச் சுற்றி வந்து பார்த்தார். காலால் தடவினார்.

"மெத்துனு நல்லாத்தாம்மா இருக்குது. ஆனா மங்கலா இருக்குதே" என்றார்.

"இப்போ மங்கலா இருக்கறதுதான் ஆயா அழகு" என்றாள் பெண், சிரித்துக்கொண்டே.

"எனக்கு அழகெல்லாம் தெரியாது. இந்தப் புடவையக் கட்டிக்கினு நான் இது மேல குந்தினேன்னா, நான் எங்க இருக்கேன்னு உனுக்குக் கண்ணு தெரியுமா?"

எல்லாரும் சிரித்தோம். அவர் உடுத்தியிருந்தது கரையில்லாத வெளிர் புடவை. உண்மையிலேயே கம்பளத்தின் நிறத்துக்கும் அதற்கும் நூலளவு வித்தியாசம்தான். அந்தச் சிரிப்பு அடங்கும்போது அந்த அம்மாள் யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"நாப்பது வயசுல இனிமே உனுக்குக் கலரு வேணாம்னு ஊரு சொல்லிச்சு. என்னை ஒருத்தரும் கேக்கல. கட்டறது வெள்ளையா போனா போவட்டும். குந்தறதாவது கலரா இருக்கட்டுமே."

நண்பர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தகப்பனார் போனபோது அவருக்குப் பதினெட்டு வயது. அந்த வருஷம்தான் அவர் தொழிற்சாலைக்குப் போனது.

விதவைகள் மறுமணம் செய்துகொள்ளலாம் என்று 1856-லேயே இந்தியாவில் சட்டம் வந்துவிட்டது. புடவையின் நிறத்தைப் பற்றி எந்தச் சட்டமும் வந்ததில்லை. அதற்கு ஊர் வாய் ஒன்றே போதுமானதாக இருந்தது. அதே வீட்டில், அதே கூடத்தில், அதே மணல் நிறத்தை இரண்டு பெண்கள் பார்க்கிறார்கள். ஒருத்திக்கு அது நூறு நிறங்களைப் பார்த்துவிட்டு அவளாகப் பொறுக்கி எடுத்த ஒன்று. மற்றவருக்கு மற்ற நிறங்களெல்லாம் எடுக்கப்பட்ட பிறகு மிச்சம் வைக்கப்பட்ட ஒன்று. நிறத்தில் என்ன இருக்கிறது என்று நாம் சுலபமாகக் கேட்டுவிடுகிறோம்.

"சரி ஆயா, என்ன கலர் வேணும்? சொல்லுங்க" என்று பெண் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

கிழவி யோசிக்கவே இல்லை. புதிய டைல்ஸை உள்ளங்கையால் தட்டினார். "முன்ன இங்க இருந்திச்சே, அந்தச் செவப்பு."

எனக்குச் சட்டென்று ஒன்று விளங்கிற்று. நிறமில்லாத விரிப்பு என்பது நமக்கு நேற்று வந்த நாகரிகம் இல்லை. நம் கோரைப் பாயைவிட நியூட்ரலான விரிப்பு எது? வாங்கின புதிதில் பச்சை வாடையோடு இளம் பச்சையாக இருக்கும். நாளாக ஆக வைக்கோல் நிறத்துக்கு வந்து, பிறகு தேன் நிறத்தில் முதிரும். சாயம் தோய்த்த கோரையை ஓரத்தில் இரண்டு கோடாக ஓட்டியிருப்பார்கள், அவ்வளவுதான் அலங்காரம். நெல்லைச் சீமையில் பத்தமடைக்காரர்கள் தாமிரபரணிக் கரைக் கோரையை வெட்டி, உலர்த்தி, தண்ணீரில் ஊறப்போட்டு, அது உப்பின பிறகு மறுபடி உலர்த்தி, மயிரிழையாகக் கிழித்துப் பருத்திப் பாவில் நெய்கிறார்கள். உயர்ந்த ரகத்தில் பாவின் எண்ணிக்கை நூறைத் தாண்டும். துணியைப் போல மடித்து வைக்கலாம். கல்யாணத்துக்கென்று நெய்வதில் மணமக்கள் பெயரைக்கூடப் பாயிலேயே நெய்துவிடுவார்கள். அத்தனை வேலைப்பாட்டிலும் உடம்பு முழுவதும் ஆளுகிறது கோரையின் சொந்த நிறம்தான்.

பிறகு ஏன் அந்தப் பாய் யாருக்கும் மங்கலாகத் தோன்றவில்லை? கீழே இருந்த தரையைப் பாருங்கள். சிமெண்டோடு சிவப்புக் காவிப் பொடியைக் கலந்து, கொத்தனார் கரணையால் இழைத்து இழைத்து மெருகேற்றிய தரை. வாரம் ஒரு நாள் துளி தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்தால் செங்காந்தள் மாதிரி மின்னும். அந்தச் சிவப்பின்மேல் வைக்கோல் நிறப் பாய் விழுந்தபோது இரண்டும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டின. தரை நிறமாக இருந்தது, விரிப்பு அடங்கியிருந்தது. இப்பொழுது தரை வெளுத்துவிட்டது, சுவரும் வெளுத்துவிட்டது. விரிப்பும் அதே வழியில் போனால், அந்தக் கூடத்தில் நிறத்தைச் சுமக்கிற பொறுப்பு யாருடையது? சிவப்புப் பாவாடையில் ஓடி வரும் குழந்தைக்கு அது நல்ல பின்னணி. வெள்ளைப் புடவையில் உட்காருகிறவருக்கு அது ஒரு மறைவு.

அந்த அம்மாள் நாற்பத்தைந்து வருஷமாக வெள்ளை உடுத்தினார். ஆனால் அத்தனை வருஷமும் அவர் கையால் எண்ணெய் விட்டுத் துடைத்த சிவப்பு ஒன்று அந்த வீட்டில் இருந்தது. டைல்ஸ் பதித்தவர்கள் வெடித்த சிமெண்டு என்று நினைத்து அதை மூடினார்கள்.

பெண் அன்று இரவே என்னிடம் பவானி ஜமக்காளத்தைப் பற்றி விசாரித்தாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஈரோட்டுக்குப் பக்கத்தில், காவிரியும் பவானியும் கூடுகிற ஊர் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சீமைத் துணி வந்து குவிந்து நம் நெசவாளர்களின் வயிற்றில் அடித்தபோது, அங்கே இருந்த ஜங்கமர் என்னும் வகுப்பார் புதிதாக எதையாவது நெய்தாக வேண்டிய நெருக்கடியில், முரட்டுப் பருத்தி நூலில் சாயமேற்றிப் பட்டை பட்டையாக இந்த விரிப்பை நெய்ய ஆரம்பித்தார்கள். குழித்தறியில் உட்கார்ந்து நெய்கிற வேலை. சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று கூச்சமில்லாமல் பக்கம் பக்கமாக ஓடும் பட்டைகள். பெண் பார்க்க வந்தவர்களும், பஞ்சாயத்துப் பேச வந்தவர்களும், கச்சேரி கேட்க வந்தவர்களும் அதன்மேல் உட்கார்ந்தார்கள். எத்தனை பேர் சாம்பார் சிந்தினாலும் ஏதோ ஒரு பட்டை அதை ஏற்றுக்கொண்டுவிடும்.

1985-இல் வந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்படி ஜமக்காளம் கைத்தறிக்கென்று ஒதுக்கப்பட்ட சரக்குகளில் ஒன்று. அந்தச் சட்டத்தை எதிர்த்து விசைத்தறிக்காரர்கள் தொடர்ந்த வழக்கில் 1993-இல் சுப்ரீம் கோர்ட்டு சட்டம் செல்லும் என்று தீர்ப்புச் சொல்லிற்று. பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. இவ்வளவு காவல் இருந்தும் விசைத்தறிப் போலிகள் கடைக்கு வருகின்றன. தறிக்குழியில் இறங்கப் பிள்ளைகள் தயங்குகிறார்கள். நம் கூடங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் நியூட்ரலுக்குப் போய்விட்டால், அங்கே சாயத்தொட்டி காய்ந்து போகும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எங்கோ ஒரு கூடத்தில் ஒரு பெண் எந்த நிறத்தைப் பொறுக்குகிறாள் என்பதைப் பார்த்துக்கொண்டுதான் பவானியில் ஒருவர் பாவு பூட்டுகிறார்.

பத்து நாளில் ஜமக்காளம் வந்தது. ஆள் ஒருவர் தாராளமாகப் படுக்கிற அளவு. சிவப்பு அகலமாகவும், நடுநடுவே பச்சையும் கறுப்பும் மெல்லியதாகவும் ஓடியது. பெண் அதை மணல் நிறக் கம்பளத்தின்மேலேயே, டெலிவிஷன் தெரிகிற மூலையில் விரித்தாள். விரித்துவிட்டு எட்ட நின்று பார்த்தவள், "அடடா, இதுக்குத்தான் அது வேணும்போல" என்றாள். உண்மைதான். கண்ணைப் பறிக்கிற டைல்ஸின்மேல் நேராகப் போட்டிருந்தால் அந்தச் சிவப்பு கத்தியிருக்கும். மணல் நிறம் நடுவே இருந்ததால் அது பேசிற்று. அடங்கிய நிறத்தின் பெருமை அதுதான். தான் ஒதுங்கி நின்று இன்னொன்றுக்கு இடம் கொடுப்பது. இடம் வாங்கிக்கொள்ள ஒன்றுமே இல்லாதபோது அது வெறும் காலி மனை.

கிழவி அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். புடவையை மாற்றவில்லை. "இந்த வயசுல எதுக்கு?" என்று கேட்டுவிட்டார். மங்கலான எல்லாவற்றையும் ஒரு ஜமக்காளம் மங்கலமாக்கிவிடும் என்று நான் கதை கட்டப்போவதில்லை. நாற்பத்தைந்து வருஷத்தை ஒரு துண்டுத் துணியால் ஈடு செய்ய முடியாது. ஆனால் இப்பொழுது வாசலில் நின்று பார்க்கிறவர்களுக்கு அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிகிறது.

வீட்டுக்குக் கம்பளம் வாங்கப் போகிறவர்களுக்கு என்னால் சொல்லக் கூடியது இவ்வளவுதான். போவதற்கு முன்னால் தரையின் நிறத்தைப் பாருங்கள், சுவரைப் பாருங்கள், விளக்கை ஏற்றிப் பாருங்கள். தரையும் சுவரும் அமர்க்களமாக இருந்தால் விரிப்பு அடங்கியிருக்கட்டும். அவை இரண்டும் ஏற்கெனவே அடங்கிவிட்டிருந்தால், மூன்றாவதாக ஒன்றையும் அடக்குவதற்கு முன்னால் கொஞ்சம் யோசியுங்கள். எல்லாம் பார்த்த பிறகு, உங்கள் வீட்டில் இன்னும் தரையில் உட்காருகிறவர் யார் என்று பாருங்கள். அநேகமாக ஒருவர் இருப்பார். வீடு கட்டியபோதும், டைல்ஸ் பதித்தபோதும், பெயிண்ட் அடித்தபோதும் அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை, என்ன நிறம் பிடிக்கும் என்று கேளுங்கள்.